இரண்டாவது முழங்கால்

ஜனவரி 6, திங்கள்

ஊசியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மூட்டுகளைத் தின்கிற வீக்கத்தை அதுதான் அடக்கி வைத்திருக்கிறது. ஆனால் கூடவே உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடுமாம். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நேரத்தில் அது உடம்பில் இருந்தால் புண்ணில் கிருமி சேரும் என்கிறார் வாத டாக்டர். வாரம் ஒருநாள் போடுகிற மாத்திரை மட்டும் தொடரலாம். "வலி கூடத்தான் செய்யும். எந்த மூட்டு, காலையில் எவ்வளவு நேரம் இறுக்கம்னு எழுதிட்டு வாங்க" என்றார். அதற்காகத்தான் இந்த டைரி.

எழுதுவது எனக்குச் சுலபமில்லை. விரல்களெல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து பல வருடமாகிறது. அவர் பேனாவைச் சுற்றி ஸ்பாஞ்ச் வைத்து டேப் ஒட்டித் தந்தார். கத்தரிக்காய் கனத்துக்கு இருக்கிறது. ஆனால் பிடிக்க முடிகிறது.

அவர் என்றால் என் வீட்டுக்காரர், கனகசபாபதி. ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றார். கல்யாணமாகி இரண்டாம் வருடமே எனக்கு முடக்குவாதம் வந்துவிட்டது. அப்போதிருந்து எனக்குத் தலை வாரிவிடுவது, ரவிக்கைக் கொக்கி மாட்டுவது, பாத்ரூமிலிருந்து தூக்கி நிறுத்துவது எல்லாம் அவர்தான். மருந்து சாப்பிடும்போது கர்ப்பமாகக் கூடாது என்றார்கள். மருந்தை நிறுத்த முடியவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

முதலில் வலது முழங்கால், சில மாதம் கழித்து இடது என்று முடிவாகியிருக்கிறது. எலும்பு டாக்டரிடம் அவர் கேட்டார்: "ரெண்டையும் மாத்திட்டா தனியாச் சமாளிச்சுக்குவாளுங்களா டாக்டர்?"

"தாராளமா. வீட்டு வேலை செய்யலாம், கடைக்குப் போலாம்."

"ஆரு தொணையும் இல்லாமயே?"

டாக்டர் தலையாட்டினார். எவ்வளவு அக்கறை இருந்தால் ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்பார்.

ஜனவரி 10, வெள்ளி

கழுத்தை எக்ஸ்ரே எடுத்தார்கள். முழங்காலுக்குக் கழுத்து எதற்கு என்று கேட்டேன். இந்த நோய்க்காரர்களுக்குக் கழுத்தெலும்பு நழுவியிருக்கக் கூடுமாம். மயக்கம் கொடுத்துத் தொண்டையில் குழாய் இறக்கத் தலையைச் சாய்த்தால் ஆபத்தாம். எனக்கும் கொஞ்சம் நழுவித்தான் இருக்கிறது. அதனால் முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்களாம். அறுக்கிற சத்தம் எல்லாம் கேட்கும். பரவாயில்லை என்றேன்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்.

அவர்தான் பொங்கல் வைத்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து ஏலக்காய் போதுமா என்று சொன்னேன்.

வீட்டுக் குழாய்களை எல்லாம் மாற்றிவிட்டார். திருகுகிற மாதிரி இல்லாமல் நீளக் கைப்பிடி. முழங்கையாலேயே தள்ளித் திறக்கலாம். மேல் அலமாரிப் பாத்திரங்கள் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறங்கிவிட்டன. கேஸ் பதிவு செய்ய, மின்கட்டணம் கட்ட, ஆட்டோ கூப்பிட என்று எல்லாவற்றையும் என் போனில் போட்டுப் பழக்கினார்.

"நீங்கதான் பண்ணுவீங்களே. எனக்கெதுக்குங்க?"

"தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லதுதான சாந்தா."

நடுவில் போன் வந்தது. எடுத்துக்கொண்டு வெளிக்கேட்டு வரைக்கும் போய்விட்டார். யாரென்று கேட்டதற்கு, "நம்ம மில்லு முருகவேலு. தோட்டத்துல போர் போடறானாமா, ஓசனை கேக்கறான்" என்றார். இங்கே இருந்தே பேசியிருக்கலாம்.

ஜனவரி 21, செவ்வாய்

மணிக்கட்டு இரண்டும் பன்னு மாதிரி வீங்கிவிட்டது. எழுத முடியவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயிற்று. பக்கத்துப் படுக்கை அம்மாவுக்கு மகள், மருமகள், பேரன் என்று ஒரு கூட்டம். கொண்டுவந்த சுண்டலில் எனக்கும் கொடுத்தார்கள். "உங்களுக்கு யாரு வந்திருக்காங்க?" என்று அந்த மருமகள் கேட்டாள். கையைக் காட்டினேன். அவர் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 30, வியாழன்

நேற்று முடிந்தது. சத்தம் கேட்கத்தான் செய்தது. தச்சுப் பட்டறையில் படுத்திருந்தது போல. யாராவது கையைப் பிடித்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. மயக்க டாக்டர் ஒருமுறை நெற்றியில் கை வைத்தார்.

இன்று எழுப்பி நிறுத்தினார்கள். பிசியோ பெண் பெயர் நஸ்ரின். சின்ன வயதுதான்; ஆனால் குரலில் அதட்டல் இருக்கிறது. சாதாரண வாக்கரை என் கையால் பிடிக்க முடியவில்லை. போய் வேறொன்று கொண்டுவந்தாள். அதில் முன்கையை வைத்துக்கொள்ள இரண்டு பக்கமும் மெத்தை வைத்த பலகை இருந்தது.

"விரலுக்கு வேலையே இல்லம்மா. கையைப் பலகையில வெச்சு அப்படியே சாயுங்க. ம், எந்திரிங்க."

எழுந்தேன். வலிதான், ஆனால் வேறு மாதிரி வலி. உள்ளே எலும்பும் எலும்பும் உரசுகிற அந்தப் பழைய வலி இல்லை. கதவு வரைக்கும் போனேன். அங்கே அவர் நின்றிருந்தார். பஸ்ஸுக்கு வெகுநேரமாகக் காத்திருந்தவர், தூரத்தில் அது வளைவு திரும்புவதைப் பார்த்த மாதிரி ஒரு முகம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிப்ரவரி 7, வெள்ளி

வீடு. கட்டிலுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தியிருக்கிறார். என்னைப் படுக்க வைத்துவிட்டு நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். வாய் திறந்திருந்தது. வயதானவராகத் தெரிந்தார்.

பிப்ரவரி 24, திங்கள்

புண் நன்றாகக் காய்ந்துவிட்டது. ஊசியை மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். நஸ்ரின் வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வருகிறாள். முழங்கால் தொண்ணூறு டிகிரி மடங்குகிறது. நாற்காலியில் மற்றவர்களைப் போல உட்காருகிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

சமையலறையில் நின்று காப்பி போட்டேன். நானே. அவர் குடித்துவிட்டு "நல்லா இருக்குது" என்றார். அப்புறம், "இனி நீயே போட்டுக்குவ" என்றார்.

போட்டுக்குவ. போட்டுக் குடுப்ப என்று சொல்லவில்லை. எனக்கு வரவர ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்க்கிற புத்தி வந்துவிட்டது. சும்மா உட்கார்ந்திருப்பதால்தான்.

மார்ச் 12, புதன்

அவர் இல்லாத நேரத்தில் எதிர்வீட்டு ஜோதிமணி அக்கா வந்தார். முருங்கைக்காய் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஏஞ் சாந்தா, உடுமலைப் பக்கம் ஊடு கட்டறீங்களாமா? சொல்லவே இல்ல?"

"நாங்களா? இல்லீங்க்கா."

"எங்க மச்சாண்டாரு பாத்தாராமா. உங்க மாமனார் பூமில, கெணத்துக்குப் பக்கத்துல. ஒரே ஒரு ரூமுதான், சின்னதா. உன்ற ஊட்டுக்காரரு நின்னு செவுத்துக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தாராமா."

"அது மோட்டார் ரூமா இருக்குமுங்க்கா" என்றேன்.

"சமையக் கட்டு வெச்சா மோட்டார் ரூமு?"

அக்கா வீட்டுக்காரரின் அண்ணனுக்குக் கண்ணில் புரை. வேறு யாரையோ பார்த்திருப்பார்.

மார்ச் 13, வியாழன்

முருங்கைக்காய்ச் சாம்பார்.

மார்ச் 14, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 17, திங்கள்

இன்று கால் சரியாக மடங்கவில்லை. நஸ்ரின் அழுத்தியபோது வலி என்று கத்தினேன். அவர் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தார்.

மார்ச் 21, வெள்ளி

இன்றும் மடங்கவில்லை. "போன வாரம் நூறு வந்துச்சேம்மா. இப்ப எழுவதுல நிக்குது" என்று நஸ்ரின் அளவுகோலை வைத்து வைத்துப் பார்த்தாள். காப்பி அவர்தான் போட்டார். பாத்ரூமுக்கு அவரைக் கூப்பிட்டேன்.

மார்ச் 26, புதன்

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ரத்தம் எடுத்தார்கள். உள்ளே கிருமி சேர்ந்துவிட்டதோ என்று டாக்டருக்குச் சந்தேகம். எங்களைப் போன்றவர்களுக்கு அது மற்றவர்களைவிட அதிகம் வருமாம். வந்துவிட்டால் வைத்த மூட்டையே கழற்றி எடுக்க வேண்டியிருக்கும் என்றார். என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது.

நான் டாக்டருக்குப் பின்னால் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 28, வெள்ளி

ரத்தத்தில் கிருமி இல்லை. சாயந்திரம் அவர் கேட்டருகில் நின்று போன் பேசினார். நான் முன்னறை ஜன்னலை ஒட்டி நாற்காலியை நகர்த்திப் போட்டிருந்தேன்.

"கூரை இப்ப வேண்டாமுங்க. தகரத்தத் திருப்பி அனுப்பிச்சுருங்க. இல்லீங்க, எப்பன்னு சொல்ல முடியாது. அவளுக்குக் காலு சரியில்ல."

உள்ளே வந்து எனக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுதியாயிற்று; அடித்துத் திருத்தப் போவதில்லை.

மார்ச் 31, திங்கள்

அவர் மருந்துக்கடைக்குப் போயிருந்தார். நஸ்ரின் என் காலைத் தொடவே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காதீங்க. மடக்க முடியலையா, மடக்க வேண்டாம்னு இருக்கீங்களா?"

நான் புடவையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டேன்.

"நான் கையை வெக்கறதுக்கு முன்னாடியே தொடையை இறுக்கிக்கறீங்க. சார் வீட்ல இருந்தா இன்னும் ஜாஸ்தி. காரணம் எனக்கு வேண்டாம். ஆனா உள்ள தழும்பு இறுகிட்டே வருது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனா நிஜமாவே மடங்காது. அப்ப நீங்க நெனச்சாலும் முடியாதும்மா."

சொல்லிவிட்டு ஸ்டூலை எடுத்த இடத்தில் வைத்தாள். அவள் போனபிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டேன். மடக்கினேன். இரண்டு வாரத்தில் அது உண்மையாகவே பாதி மறந்திருந்தது. கண்ணீர் வருகிறவரை மடக்கினேன்.

ஏப்ரல் 2, புதன்

சாப்பிட்டு முடித்ததும் கேட்டுவிட்டேன்.

"தகரத்த ஏனுங்க திருப்பி அனுப்பிச்சீங்க?"

கை கழுவ எழுந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"ஆரு சொன்னா?"

"ஆரோ சொன்னாங்க. சொல்லுங்க."

"வேற ஆரும் இல்ல சாந்தா. பொம்பள கிம்பளன்னு நெனைச்சுக்காத."

"அப்பிடி இருந்திருந்தாக் கூட எனக்குப் புரிஞ்சிருக்குமுங்க."

அவர் உட்கார்ந்தார். கை காய்ந்துகொண்டிருந்தது. மெதுவாகச் சொன்னார்.

"காலைல கண்ண முழிக்கறப்பவே உன்ற கை இன்னிக்கு எப்பிடி இருக்குமோன்னுதான் முழிக்கறேன். மில்லுல நின்னப்பவும் அதான், படுத்தாலும் அதான். எனக்கு என்ன புடிக்கும், என்ன வேணும்னு எனக்கே தெரியறதில்ல. ஒரு நாளாச்சும் ஆரு நோவையும் கேக்காம எந்திரிக்கோணும். அவ்வளவுதான். உன்மேல கோவம் எதும் இல்ல."

"நான் நடக்கறதுக்காகக் காத்துட்டு இருந்தீங்களா?"

"உளுந்து கெடக்கறவளை உட்டுட்டுப் போக முடியுமா?"

"உங்களுக்கு ஒரு ரூமாச்சுங்க. எனக்கு? என்ற நோவ உட்டுப்போட்டு நான் எங்கீங்க போறது?"

அப்படிக் கேட்டதில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் சட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டாவது காலும் முடியட்டும். அது வரைக்கும் நான் எங்கியும் போகமாட்டேன்."

ஏப்ரல் 9, புதன்

நூற்றுப் பத்து மடங்குகிறது. நஸ்ரின் கைதட்டினாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 23, புதன்

இடது காலுக்குத் தேதி குறிக்கலாமா என்று டாக்டர் கேட்டார். "பாக்கலாமுங்க. இப்பத்திக்கு அவசரமில்ல" என்றேன். இடது கால் அப்போதும் வலித்துக்கொண்டுதான் இருந்தது. பக்கத்தில் இருந்த அவர் என்னைப் பார்க்கவில்லை. வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது வழக்கம்போல் என் தலை இடிக்காமல் கை வைத்தார்.

மே 30, வெள்ளி

அவர் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கேட்கவில்லை. தலை வாரிவிடுகிறார், கொக்கி மாட்டுகிறார். இரண்டு பேரும் சேர்ந்து டி.வி. பார்க்கிறோம். பேசவேண்டியதெல்லாம் முன்னறையில் ஒரு பீரோ மாதிரி நிற்கிறது. இருவரும் சுற்றிப் போகிறோம்.

என் இடது காலைத்தான் நம்பியிருக்கிறேன். அது சரியாகாத வரைக்கும் அவர் இங்கே இருப்பார்.

ஜூன் 18, புதன்

அவருக்குக் காய்ச்சல். இத்தனை வருடத்தில் அவர் இப்படிப் படுத்து நான் பார்த்ததில்லை. அல்லது படுத்ததை எனக்குக் காட்டியதில்லை. நொண்டிக்கொண்டே கஞ்சி வைத்தேன். நெற்றியில் ஈரத்துணி போட்டேன். என்னால் முடிகிறது என்பதில் ஒரு சந்தோஷம்.

ஜூன் 19, வியாழன்

"எப்பிடி இருக்குதுங்க?" என்று போகும்போதும் வரும்போதும் கேட்டேன். தலை வலிக்கிறதா, முதுகு வலிக்கிறதா, நேற்றைக்கு இன்று தேவலையா. முதலில் பதில் சொன்னார். அப்புறம் "ம்" என்றார். மத்தியானம் நான் மறுபடி கேட்டபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் துணியோடு அங்கேயே நின்றேன். அந்த முதுகு எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் திரும்பிப் படுப்பேன். காலையில் கண் திறக்கும்போதே அவர் குனிந்து "கை எப்பிடி இருக்குது?" என்று கேட்பார். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு சலித்துப்போயிருந்தது. நல்ல மனதோடு கேட்கிறவரிடம் கேட்காதீர்கள் என்று எப்படிச் சொல்வது. தூங்குவதுபோல் கிடப்பேன். அவர் போனபிறகுதான் முகத்தைத் திருப்புவேன்.

இதை நான் ஒருபோதும் அவரிடம் சொன்னதில்லை. எனக்கும் சொல்லிக்கொண்டதில்லை.

ஈரத்துணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

ஜூன் 23, திங்கள்

அவர் எழுந்துவிட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து இடது முழங்காலுக்குத் தேதி கேட்டேன். ஊசியை எப்போது நிறுத்துவது என்றும் கேட்டுக்கொண்டேன். அவர் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தாமல்தான் பேசினேன். போனை வைத்தபிறகு பார்த்தால், கையில் ஒரு ஈர லுங்கியோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"தகரத்துக்குச் சொல்லி உடுங்க" என்றேன்.

ஜூலை 30, புதன்

இடது காலும் ஆயிற்று. எழும்போது நஸ்ரின், "வாங்கம்மா, தெரிஞ்ச பாதைதான்" என்றாள். இந்த முறை அறுக்கும்போது யாராவது கையைப் பிடிக்கவேண்டும் என்று தோன்றவில்லை. அப்படி எழுத ஆசை. தோன்றியது.

செப்டம்பர் 9, செவ்வாய்

கடைக்குப் போய் வந்தேன். தக்காளி, ரவை, ஒரு சீப்பு. நீளக் கைப்பிடி வைத்தது. எனக்கு நானே தலை வாரப் பழகுகிறேன். வகிடு கோணல்.

முன்பக்கம் ஜிப் வைத்த ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறேன். ஜோதிமணி அக்கா தினமும் சாயந்திரம் வந்து பார்ப்பதாகச் சொல்கிறார். சரி என்றிருக்கிறேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

அவர் போனார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மெத்தை, ரேடியோ. வேனில் ஏற்றிவிட்டு உள்ளே வந்தார். எங்கே நிற்பது என்று தெரியாமல் சமையலறைக் குழாயைத் தள்ளிப் பார்த்தார். ஒழுகவில்லை.

"வாரம் ஒருக்கா வந்து போறேன்."

"வரோணும்னு தோணறப்ப வாங்க. வாராவாரம் வேண்டாம்."

"ஊசிக்கு?"

"ஆட்டோவுல போய்க்கறனுங்க."

"சாந்தா..." என்றார். என் வகிட்டை விரலால் லேசாக நேராக்கினார். நான் அசையாமல் நின்றேன். கேட்டு வரைக்கும் கூடவே நடந்து போனேன். வேன் கிளம்பியதும், யாரும் இல்லாத தெருவில் நான் மட்டும் இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தேன். இதற்குத்தான் இத்தனையுமா என்று தோன்றியது.

உள்ளே வந்தேன். எந்த அறையிலும் சத்தம் இல்லை. எழுதுவதற்குக்கூட விரல் வரவில்லை, வலியால் இல்லை.

அக்டோபர் 27, திங்கள்

காலையில் கை இறுகியிருந்தது. யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெந்நீரில் வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"மயிலு வந்து அவரைக்காய்ப் பந்தலையே கலைச்சுப்போட்டுது" என்றார். குரலில் ஒரு சுறுசுறுப்பு. கல்யாணமான புதிதில் மில்லிலிருந்து வந்து இப்படித்தான் பேசுவார், மறந்தே போயிருந்தது. கரண்ட் இன்னும் வரவில்லையாம். கிணற்றில் ஒரு ஆமை இருக்கிறதாம். விறகு அடுப்பில் சோறு குழைந்துவிட்டதாம், மோர் ஊற்றிச் சாப்பிட்டாராம். நான் ஆமை எவ்வளவு பெரிசு என்று கேட்டேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டியிருப்பார் போல, "இத்தச்சோடு பெருசு" என்றார். சிரித்தேன். தண்ணி காயுது, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டார்.

போனைக் கீழே வைத்தபிறகுதான் உறைத்தது. கால் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கை எப்படி என்றும் கேட்கவில்லை.

உட்கார்ந்து நன்றாக அழுதேன். அழுது முடித்தபோது பசித்தது. ரவையை வறுத்து உப்புமா கிண்டினேன். கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது, முழுவதையும் சாப்பிட்டேன்.